நடுவிலே ஒரு சும்மா எழுத்து

புதுச்சேரிக் குருசுக்குப்பத்தில் சொர்ணம் வீடு எது என்று கேட்டால், எந்தச் சொர்ணம் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். ஜெர்மன் சொர்ணம் என்று சொல்லிவிட்டால் போதும், வலை உலர்த்துகிறவர்கூடத் தலை நிமிராமல் கை நீட்டி வீட்டைக் காட்டிவிடுவார். இத்தனைக்கும் சொர்ணம் கடலூரைத் தாண்டிப் போனவள் இல்லை. ஜெர்மன்காரர் ஒருவரைக் கண்ணால் கண்டதும் இல்லை. பெயர் வந்தது அவள் புருஷன் காசிலிங்கத்தால். முழுப் பழியையும் அவன் தலையில் கட்டவும் முடியாது. பாதி அவனுடைய அம்மா செல்வாம்பாளுக்குச் சேர வேண்டியது.

காசிலிங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். அப்பன் இல்லாத பிள்ளை. வலையும் வேண்டாம் கட்டுமரமும் வேண்டாம் என்று அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டு, பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறியவன். 1954 தை மாதம் லீவில் வந்தவனைச் செல்வாம்பாள் சும்மா விடவில்லை. பெண்ணைப் பார்த்துத் தயாராக வைத்திருந்தாள். சொர்ணத்தின் அப்பா சுங்கத்தில், ஊர்ப்பேச்சில் சொன்னால் துவானில், காவலாள். அந்தப் புண்ணியத்தில் சொர்ணம் ஆறு வருடம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனாள். பிறகு கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு தையல்கூடத்தில், துரைமார் வீட்டுக் கைக்குட்டைகளில் அவர்கள் பெயரின் முதலெழுத்துகளைப் பூவேலையாகத் தைத்துக்கொண்டிருந்தாள். வீராம்பட்டினத்து அம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். மாப்பிள்ளைக்கு இன்னும் பதினோரு நாள் லீவு பாக்கி இருந்தது.

புதுச்சேரியில் கல்யாணம் என்றால் இரண்டு வேலை. கோயிலில் தாலி கட்டுவது ஒன்று. மேரியில், அதாவது நகரசபை ஆபீசில், பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது இன்னொன்று. மற்றவர்கள் இரண்டாவதை விட்டாலும் விடுவார்கள், சொல்தாக்கள் விடமாட்டார்கள். மேரியில் எழுதாத பெண்டாட்டி பட்டாளத்தின் கண்ணுக்குப் பெண்டாட்டியே இல்லை. இரண்டு பேர் பெயரையும் எழுதி மேரி வாசலில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. எந்த நாளில் வர வேண்டும் என்று கேட்டுவருவதற்குச் செல்வாம்பாள்தான் போனாள். மீன் கூடையோடு தினமும் அந்த வழியாகத்தானே போகிறாள். திரும்பி வந்தவள் கூடையைத் தொப்பென்று இறக்கினாள்.

"செவ்வாக்கெழம மூணு மணிக்கு வரணுமாம். அது ராகுகாலம்! மஞ்சக் கயித்து ஈரம் காயறதுக்குள்ள ராகுகாலத்துல போயி எழுதுவாங்களா? எம்புள்ள சண்டைக்குப் போறவன், அவனுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

ராகுகாலம் என்ற சொல் காதில் விழுந்ததும் சொர்ணத்தின் அப்பா வாயை மூடிக்கொண்டார். வெள்ளிக்கிழமை கப்பல். அடுத்த லீவில் எழுதிக்கொண்டால் போயிற்று என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். காசிலிங்கம் முனகிப் பார்த்தான். ஆனால் அம்மா கண்ணைக் கசக்கியதும் அடங்கிவிட்டான். வெள்ளிக்கிழமை கடற்பாலத்தில் படகு ஏறி, தூரத்தில் நின்ற கப்பலுக்குப் போனான். படகு போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான். சொர்ணம் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து அவன் துவைக்கப் போட்டிருந்த பனியனைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

அந்தப் பதினோரு நாளைத்தான் அவள் வருடக்கணக்கில் வைத்துத் தின்றாள். மூன்றாம் நாள் அவன் கொடுவா மீனின் முள்ளை எடுத்து அவள் தட்டில் வைத்தது, ஆறாம் நாள் கடற்கரையில் நடக்கும்போது "உம்பேரைக் கூப்பிட்டா வாயே நெறைஞ்சி போவுது" என்று சொன்னது, ஒன்பதாம் நாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டது, எல்லாம் வரிசையாக இருந்தன. பத்தாம் நாள் மட்டும் என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. ஒரு முழு நாளைத் தொலைத்துவிட்டோமே என்று அவளுக்கு அப்படி ஒரு ஆற்றாமை.

அந்த வருடக் கடைசியில் ஊரில் கொடி மாறியது. பிரெஞ்சுத் துரைமார் பலர் மூட்டை கட்டினார்கள். பட்டாளத்தில் இருந்தவன் பட்டாளத்திலேயே இருந்தான். சைகோனிலிருந்து கப்பலேறி, பிரான்சுக்குப் போய், அங்கிருந்து 1956இல் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டான். உலகச் சண்டை முடிந்த பிறகு பிரெஞ்சுப் பட்டாளம் அங்கே ஒரு பக்கம் பாசறை போட்டு உட்கார்ந்திருந்தது. காசிலிங்கத்துக்குச் சாமான் கிடங்கில் வேலை. வெடிச்சத்தம் கேட்காத இடம் என்று கடிதம் வந்த அன்றைக்குச் செல்வாம்பாள் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஆகாது என்றெல்லாம் இல்லை. செல்வாம்பாளுக்கு வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். காலையில் மார்க்கெட்டுக்குப் போகுமுன் மருமகளுக்குக் குழம்பை வைத்துவிட்டுத்தான் போவாள். கடிதம் வந்தால் கைகால் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்காருவாள். சொர்ணம் படிக்க வேண்டும், அதுவும் இரண்டு தடவை. "அம்மா சௌக்கியமா" என்ற வரியை மூன்று தடவை. பக்கத்து வீட்டு வீராயியும் சில நாள் வந்து கேட்பாள். வீராயியின் மகனும் சொல்தாதான். பெண்டாட்டியைச் சைகோனுக்குக் கூட்டிக்கொண்டு போனவன். முதல் இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. அடுத்தவள் மகன் கடிதத்தைக் கேட்டுவிட்டு வீராயி எழுந்து போவாள். அவள் போகிற முதுகையே செல்வாம்பாள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஜெர்மனிக் கடிதங்களில்தான் அந்த விளையாட்டு ஆரம்பித்தது.

"சொர்ணம், இந்த ஊர்க்காரர்கள் வார்த்தைகளைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள்," என்று எழுதினான் காசிலிங்கம். "இங்கே கிடங்குக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு உரிக்கும் கெர்ட்ரூட் அம்மாதான் எனக்கு வாத்தியார். கெபுர்ட் என்றால் பிறப்பு. டாக் என்றால் நாள். பிறந்தநாளுக்குக் கெபுர்ட்டாக் என்றுதானே சொல்ல வேண்டும்? இல்லை. நடுவில் ஒரு எஸ் போட்டு கெபுர்ட்ஸ்டாக் என்கிறார்கள். இந்த எஸ் யாரு, எதுக்கு வந்தது என்று கேட்டேன். அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாதாம். இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்வதற்கு நிற்கிறதாம்."

சொர்ணம் இதைப் படித்துவிட்டு முதலில் எழுதிய பதில், "கெர்ட்ரூட் அம்மாவுக்கு வயசு என்ன?" என்பதுதான். ஒன்றரை மாதம் கழித்து வந்தது பதில்: "அறுபத்திரண்டு. மேல்வரிசைப் பல் முழுக்கக் கட்டினது. போதுமா?" சொர்ணம் அன்றைக்குத் தையல்கூடத்தில் தானாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் கடிதத்துக்கு ஒரு சொல் வந்தது. சொன்னெ சூரியன், ப்ளூமெ பூ, நடுவில் ஒரு என் சேர்ந்தால் சொன்னென்ப்ளூமெ, சூரியகாந்தி. கிண்ட் என்றால் குழந்தை, வாகென் என்றால் வண்டி, நடுவில் ஈஆர் சேர்ந்தால் கிண்டர்வாகென், குழந்தையைப் படுக்கவைத்துத் தள்ளுகிற வண்டி. அந்தச் சொல் வந்த கடிதத்தைச் சொர்ணம் ஒரு தடவைதான் படித்தாள். சில சொற்களுக்கு நடுவில் ஒன்றும் வேண்டியதில்லை, ஹவுஸ் வீடு, ட்யூர் கதவு, ஹவுஸ்ட்யூர் வீட்டுக்கதவு, அப்படியே ஒட்டிக்கொள்ளும். எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கேட்டால் கெர்ட்ரூட் அம்மாவுக்கே சொல்லத் தெரியவில்லையாம். வாயில் வருகிறபடி வரும், போடா என்றாளாம்.

சொர்ணம் விடவில்லை. "நம்மூரில் மட்டும் என்ன வாழ்கிறது?" என்று எழுதினாள். "புளி, மரம். புளிமரம் என்றா சொல்கிறோம்? புளியமரம் என்கிறோம். அந்த ய எங்கிருந்து வந்தது? பனைக்காயைப் பனங்காய் என்கிறோம். மாட்டை வண்டியில் பூட்டினால் மாட்டுவண்டி. இத்தனை நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன், நீங்கள் சொன்ன பிறகுதான் கண்ணில் படுகிறது."

செல்வாம்பாளுக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. "அர்த்தம் இல்லாத எழுத்த எதுக்குடி நடுவுல வெக்கறான்? வேல வெட்டி இல்லாதவனுங்க."

"அது இல்லாட்டி ரெண்டும் ஒட்டாதாம், அத்தே."

"சும்மா எழுத்து," என்று பெயர் வைத்தாள் செல்வாம்பாள். அதற்கப்புறம் ஒவ்வொரு கடிதத்திலும், "இன்னிக்கி சும்மா எழுத்து எது?" என்று கேட்கவும் மறக்கவில்லை. வாய்தான் அப்படி. மார்க்கெட்டில் மற்ற மீன்காரிகளிடம் கெபுர்ட்ஸ்டாக், கிண்டர்வாகென் என்று அவிழ்த்துவிட்டது இவளேதான். மருமகளுக்கு ஜெர்மன் சொர்ணம் என்று பெயர் பரவியது அப்படித்தான்.

ஒருமுறை அவன் லீபெஸ்ப்ரீஃப் என்று எழுதினான். லீபெ காதல், ப்ரீஃப் கடிதம். அந்தக் கடிதத்தை மாமியாருக்குப் படிக்கும்போது சொர்ணம் அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிட்டாள். மறுநாள் தையல்கூடத்தில் மிச்சமாகக் கிடந்த வெள்ளைத் துணியில் அந்தச் சொல்லைத் தைத்தாள். இரண்டு பக்கச் சொல்லும் நீல நூல். நடுவில் இருந்த எஸ் மட்டும் சிவப்பு. கைக்குட்டையாக மடித்து, கடிதத்தோடு வைத்து அனுப்பினாள். கெர்ட்ரூட் அம்மா அதைப் பார்த்து, அந்த எழுத்துக்குப் போய் இவ்வளவு மரியாதையா என்று ஆச்சரியப்பட்டாளாம். தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னாளாம். காசிலிங்கம் கொடுக்கவில்லை.

எழுத்தால் குடும்பம் நடத்தினால் எவ்வளவு நாள் நடத்த முடியும்? அவனுக்கு லீவு வர வேண்டிய வருடம் அல்ஜீரியாவில் சண்டை என்று லீவை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடமும் அதே பாட்டு. 1958இல் அவனே வழி சொன்னான். கல்யாணமானவர்களுக்குப் பாசறைக்குப் பக்கத்தில் வீடு தருகிறார்கள், பெண்டாட்டிக்குக் கப்பல் டிக்கெட்டும் பட்டாளமே கொடுக்கும். ஒரே ஒரு காகிதம் வேண்டும். "இந்த ஊரில் அதற்கு ஹைராட்ஸ்உர்குண்டெ என்று பெயர். ஹைராட் கல்யாணம், உர்குண்டெ பத்திரம், நடுவில் நம்ம ஆள் எஸ். நாம் போய் எழுதவில்லைதான், ஆனாலும் ஏதாவது வழி உண்டா என்று மேரியில் கேட்டு வாங்கி அனுப்பு, சொர்ணம். நான் உனக்கு வீடு பார்த்து வைக்கிறேன்."

கேட்டு வாங்குவதற்கு அங்கே என்ன இருந்தது? மேரியில் கிளார்க்காக இருந்த நாராயணசாமி நல்ல மனுஷர். 1954ஆம் வருடப் பதிவேட்டை இரண்டு தடவை புரட்டினார்.

"நோட்டீஸ் ஒட்டினதா எழுதியிருக்கும்மா. கல்யாணம் எழுதினதா இல்லியே. நீங்க வரவே இல்லியா?"

"ராகுகாலம்னு..." என்று ஆரம்பித்தாள் சொர்ணம். அந்த ஆபீசில், அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னபோது அது எவ்வளவு அற்பமான காரணமாக இருந்தது!

நாராயணசாமி ஒரு வழி சொன்னார். கோர்ட்டுக்குப் போகலாம். கல்யாணம் நடந்தது உண்மை என்று சாட்சி சொன்னால், நீதிபதி தீர்ப்பு எழுதுவார். அதைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். கோயில் பூசாரி ஒரு சாட்சி. மாப்பிள்ளை ஊரில் இல்லாததால் அவன் வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் என்று இருந்தது செல்வாம்பாள் ஒருத்திதான்.

சொர்ணம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சொன்னாள். செல்வாம்பாள் நெத்திலியை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"பாக்கலாம்," என்றாள்.

பார்க்கலாம் என்பது இரண்டு வருடம் போயிற்று. சொர்ணம் கோர்ட்டில் மனுப் போட்டு முதல் வாய்தா வந்தபோது மாமியாருக்கு முழங்கால் வலி. இரண்டாவது வாய்தாவுக்கு ஆடி மாதம் குறுக்கே நின்றது. மூன்றாவது வந்தபோது, கோர்ட்டுப் படி ஏறினால் நம் குடும்பத்துக்கு ஆகாது என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். சொர்ணத்தின் அப்பா இதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்பதற்கு நாதி இல்லை. சொர்ணம் கெஞ்சினாள், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாள். அங்கே காசிலிங்கம் பார்த்து வைத்த வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இதை அவன் கடிதத்தில் ஒரே வரியாக எழுதியிருந்தான். அந்த மாதம் அவன் புதுச் சொல் எதுவும் எழுதவில்லை.

1960 ஆவணி மாதம். ஒரு நாள் காலை செல்வாம்பாள் கூடையைத் தூக்கப் போகையில், அடுப்பங்கரையில் விசும்பல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். சொர்ணம் கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாடி ஆச்சி? கைய சுட்டுக்கினியா?"

"அத்தே, அவுரு கொரலு எனக்கு மறந்துபோச்சி. எம்பேரச் சொல்லி எப்புடிக் கூப்புடுவாருன்னு நெனச்சிப் பாக்கறேன், வரமாட்டேங்குது. எழுத்துதான் வருது. சத்தமே வரமாட்டேங்குது அத்தே."

செல்வாம்பாளுக்கு அந்தக் குரல் மறக்கவில்லை. வயிற்றில் சுமந்தவளுக்கு அது எப்படி மறக்கும்? மூன்று வயதில் 'ர' வராமல் மழலை பேசியதிலிருந்து, படகில் ஏறியவன் "போய்ட்டு வரேம்மா" என்று கத்தியது வரை அவள் காதில் இருந்தது. தன்னிடம் அவ்வளவும் இருக்க, இந்தப் பெண்ணிடம் ஒன்றுமே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் திரும்பி வந்ததும் கேட்டாள்:

"கோர்ட்டுல எப்ப வரச் சொல்றாங்க?"

சொர்ணம் நாராயணசாமியிடம் ஓடினாள். வாய்தா தேதி போட்டார்கள். செவ்வாய்க்கிழமை, மூணு மணி.

வீட்டில் அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. சொல்லிவிட்டு மாமியார் முகத்தையே பார்த்தாள். செல்வாம்பாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "ராகுகாலம்," என்றாள். அப்புறம், "பரவால்ல, போவோம்," என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை செல்வாம்பாள், மகன் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையைக் கட்டிக்கொண்டு மருமகளுக்கு முன்னால் நடந்தாள். தெருவில் எதிர்ப்பட்ட வீராயி, "இந்த நேரத்துல எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டதற்கு நின்று பதில் சொல்லவில்லை.

நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்கிறவர் அன்றைக்கு வரவில்லை. மேரியிலிருந்து கட்டுக் காகிதத்தோடு வந்திருந்த நாராயணசாமியையே நிற்கச் சொன்னார்கள். பூசாரி தன் பங்கைச் சொல்லிவிட்டு இறங்கினார். செல்வாம்பாளைக் கை தூக்கி, சத்தியமாகச் சொல்கிறேன் என்று சொல்லச் சொன்னார்கள். கையைத் தூக்கினாள். தாலி கட்டியது எங்கே, யார் யார் இருந்தார்கள் எல்லாம் மளமளவென்று சொன்னாள். ஏன் மேரியில் எழுதவில்லை என்ற கேள்விக்கு, "செவ்வாக்கெழம மூணு மணி, ராகுகாலம்ங்க," என்றாள்.

நீதிபதி கட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மேரி வாசலில் ஒட்டியிருந்த அந்தப் பழைய நோட்டீஸ். ஓரத்தில் பழைய கிளார்க் பென்சிலால் ஏதோ குறித்து வைத்திருந்தார். நீதிபதி அதைப் படித்துவிட்டுக் கேட்டார். நாராயணசாமி தமிழில் சொன்னார்.

"செவ்வாய் மூணு மணி, இல்லாட்டி புதன் பத்து மணின்னு இதுல எழுதியிருக்கு. புதங்கிழமை ஏன் வரலைன்னு ஐயா கேக்கறாங்க."

சொர்ணம் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். புதன் பத்து மணி? அப்படி ஒரு பேச்சை அவள் இன்றுவரை கேட்டதே இல்லை.

செல்வாம்பாள் தூக்கிய கையை இன்னும் முழுசாக இறக்கவில்லை. அது அந்தரத்தில் நின்றது. மெதுவாக இறக்கிப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கெளார்க்கு ரெண்டு நாளும்தான் சொன்னாரு," என்றாள் நாராயணசாமியைப் பார்த்து. "நாந்தான் வூட்டுல சொல்லல. எழுதிட்டா இவளக் கூட்டிக்கினு போயிடுவான். போனா ரெண்டு பேரும் வரமாட்டாங்க. வீராயி புள்ள வந்தானா? இவ இங்க இருந்தாத்தான் இவளுக்காவாவது எம்புள்ள திரும்பி வருவான்னு நெனச்சேன். ராகுகாலம்னு சொன்னா யாரு மறுத்துப் பேசுவாங்க? அதான் சொன்னேன். கையத் தூக்கச் சொல்லிட்டாங்க, அம்மன் மேல பொய் சொல்ல மாட்டேன்."

நாராயணசாமி ஒரு முறை சொர்ணத்தைப் பார்த்தார். பிறகு நீதிபதி பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னார். பிள்ளையைக் கப்பல் ஏற்றும் அவசரத்தில் புதன்கிழமை விஷயம் இந்த அம்மாளுக்கு மறந்துபோயிற்றாம், அதற்கு மிகவும் வருத்தப்படுகிறாராம்.

அந்த அறையில் இரண்டு பேச்சும் தெரிந்தவள் இன்னொருத்தி இருந்தாள். ஆறு வருடம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனவள். அவள் வாயைத் திறந்து, அத்தை சொன்னது அதுவல்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்குத் தீர்ப்பு வேண்டியிருந்தது, அதுதான் அப்போதைய காரணம். மன்னிப்பாவது ஒன்றாவது! நெஞ்சு தீயாக எரிந்துகொண்டிருந்தது.

நீதிபதி தலையை ஆட்டிவிட்டு எழுதினார். 1954 தை மாதம் நடந்த கல்யாணம் செல்லும்.

கடற்கரைச் சாலை வழியாக இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள். பழைய கடற்பாலத்துக்கு எதிரே வந்ததும் செல்வாம்பாள் நின்றுவிட்டாள்.

"ஏசிடுடி. மண்ண வாரித் தூத்து. இப்புடி ஊமையா வராத."

"ஆறு வருசம், அத்தே," என்றாள் சொர்ணம். "எனக்கு இப்ப ஒரு புள்ள பொறந்திருந்தா பள்ளிக்கூடம் போயிருக்கும்."

செல்வாம்பாள் அப்படியே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதாள். சொர்ணம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு கை கொடுத்துத் தூக்கி வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அன்றைக்குக் குழம்பு வைத்தது சொர்ணம்தான்.

பாஸ்போர்ட், டாக்டர் சர்டிபிகேட், அந்தக் காகிதம், இந்தக் காகிதம் என்று மறுபடி ஒரு வருடம் ஓடியது. அந்த ஒரு வருடமும் மாமியார் மருமகளுக்கு வேண்டியதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். புதன்கிழமையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. 1961 புரட்டாசியில், பம்பாயில் கப்பல் பிடிக்கப் போகும் சொர்ணத்தை ஏற்றிவிட ரயில் ஸ்டேஷனுக்கு வந்த செல்வாம்பாள், கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைத் துணியில் நாலு சுற்றுச் சுற்றி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். வண்டி நகர்கிற நேரத்தில்தான் கேட்டாள்.

"அவங்கிட்ட சொல்லிடுவியா?"

சொர்ணத்தின் மனதில் ஒரு முடிவு இருந்தால்தானே பதில் சொல்வதற்கு? வண்டி போய்விட்டது.

அந்தக் கேள்வியைச் சொர்ணம் கப்பலில் மூன்று வாரம் சுமந்தாள். சொல்லத்தான் வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும். தொலைந்த வருடங்களுக்கு யார் காரணம் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? மறுநாள் பொட்டலத்தின் முடிச்சைப் பார்ப்பாள். அவிழ்ந்துவிடாமல் இருக்கச் செல்வாம்பாள் பல்லால் கடித்து இறுக்கியிருந்த முடிச்சு. அதைப் பார்த்ததும் மனம் பின்வாங்கும்.

ஏழு வருடம் எட்டு மாதம் கழித்து, ஜெர்மனியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினாள். குளிர் எலும்பைத் தொட்டது. நடைமேடையில் கம்பளிக் கோட்டுப் போட்ட ஓர் ஆள், நீலமும் சிவப்புமாக எழுத்து தைத்த கைக்குட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்திருக்கிறான், பைத்தியம். காதோரம் நரைத்திருந்தது. உடம்பு போட்டிருந்தது.

"சொர்ணம்," என்றான்.

அதுதான் அந்தக் குரல். இவ்வளவு நாள் தேடியது இதைத்தானா, இவ்வளவு சாதாரணமாகவா இருந்தது என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் அடுத்ததாகக் கேட்டது இதுதான்:

"அம்மா எப்புடி இருக்கு? எம்மேல கோவமா இருக்கா? தனியா வுட்டுட்டமே."

சொர்ணம் அவன் முகத்தைப் பார்த்தாள். அம்மா என்று சொல்லும்போது அது அந்தப் படகில் திரும்பித் திரும்பிப் பார்த்த முகமாகவே இருந்தது.

"நல்லா இருக்காங்க," என்றாள். "கோர்ட்டுல சாட்சி சொல்லி என்ன இங்க அனுப்பி வெச்சதே அவுங்கதான். செவ்வாக்கெழம மூணு மணிக்கு வந்தாங்க, தெரியுமா? கல்யாணப் பொடவ கட்டிக்கினு."

"ராகுகாலத்துலயா? எங்கம்மாவா?"

"உங்கம்மாதான்."

அவன் நம்பமுடியாமல் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான், அந்தக் கைக்குட்டையாலேயே.

மறுநாள் சொர்ணம் மாமியாருக்குக் கடிதம் எழுதினாள். நாராயணசாமிதான் படித்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார், அவருக்கு எல்லாம் தெரியும், அதனால் மறைத்து எழுத ஒன்றும் இல்லை. வந்து சேர்ந்ததை எழுதினாள். கருவாடு வாசத்துக்குக் கப்பலில் ஒரு வெள்ளைக்காரி இடம் மாற்றிக்கொண்டு போனதை எழுதினாள். கெர்ட்ரூட் அம்மாவின் பல்செட்டைப் பற்றியும் நாலு வரி எழுதினாள். கடைசியில் இதையும் எழுதினாள்:

"அத்தே, ரயிலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். புதன்கிழமை அவருக்குத் தெரியாது. என் மூலமாகத் தெரியவும் வராது. எனக்குக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அடுத்த லீவில் நாங்கள் ரெண்டு பேரும் வருவோம். நான் கூட்டிக்கொண்டு வருவேன். வீராயியிடமும் சொல்லி வையுங்கள். நாள் கிழமை எதுவும் பார்த்து வைக்காதீர்கள், கப்பல் என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு வருவோம்."